மலையடிவாரத்தில் ஒரு திருவிழா: ‘ஏஸ் இன் த ஹோல்’ படத்துக்காக

பில்லி வைல்டர் 1950-இல் ‘சன்செட் பூல்வார்ட்’ எடுத்து முடித்தபோது ஹாலிவுட்டின் முதல் வரிசை இயக்குநர்களில் ஒருவராக இருந்தார். அடுத்த ஆண்டே எழுத்து, இயக்கம், தயாரிப்பு மூன்றையும் தன் கையில் வைத்துக்கொண்டு ‘ஏஸ் இன் த ஹோல்’ எடுத்தார். லெஸ்ஸர் சாமுவெல்ஸும் வால்டர் நியூமனும் அவரோடு சேர்ந்து எழுதினார்கள். அமெரிக்காவில் படம் படுத்துவிட்டது. பாரமவுண்ட் நிறுவனம் பயந்துபோய் ‘த பிக் கார்னிவல்’ என்று பெயரை மாற்றிப் பார்த்தது, அப்போதும் எடுபடவில்லை. ‘நியூயார்க் டைம்ஸ்’ விமர்சகர் பாஸ்லி குரோத்தர், பத்திரிகைத் தொழிலைப் படம் திரித்துக் காட்டுகிறது என்று எழுதினார். ‘ஹாலிவுட் ரிப்போர்ட்டர்’ இன்னும் கோபமாக, ஜனநாயக அரசு, சுதந்திரப் பத்திரிகை இரண்டின் கன்னத்திலும் இது தேவையில்லாமல் அறைகிறது என்றது. ஐரோப்பாவில் வரவேற்பு இருந்தது, அதே ஆண்டு வெனிஸ் விழாவில் ஒரு பரிசும் கிடைத்தது. ஆனால் யாரைப் பற்றி எடுக்கப்பட்டதோ அந்த மக்கள் ஒதுக்கிவிட்டார்கள்.

இந்தப் படத்துக்காகக் காவிரி டெல்டாவில் உட்கார்ந்து வாதாட வேண்டிய அவசியம் என்ன என்று கேட்கலாம். ஆழிப்பேரலை, வறட்சி, புயல் என்று அடுத்தடுத்துப் பார்த்த மண் இது. ஒவ்வொரு முறையும் துயரத்துக்குப் பின்னாலேயே கேமராவும் கூட்டமும் வருவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். சில நேரம் அந்தக் கூட்டமாகவும் இருந்திருக்கிறோம். அதனால் இந்தப் படம் ‘மிகை’ என்று யாராவது சொன்னால் எனக்கு ஒத்துக்கொள்ள முடிவதில்லை.

முதலில் கதை. சக் டேட்டம் (கிர்க் டக்ளஸ்) 11 பத்திரிகைகளில் வேலை போன நிருபர். கெட்டுப்போன காரோடு நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி நகரத்துக்கு வந்து, ஒரு சின்னப் பத்திரிகையில் சேர்கிறான். அதன் ஆசிரியர் பூட் என்பவர், பெல்ட்டும் போட்டு, தோளில் பட்டையும் மாட்டும் ஜாக்கிரதைக்காரர். ‘உண்மையைச் சொல்’ என்று நூலால் பின்னிய வாசகம் ஒன்று சட்டமிட்டு அவர் அலுவலகச் சுவரில் தொங்குகிறது. ஓராண்டு கழிகிறது, பெரிய செய்தி எதுவும் இல்லை. பாம்புப் பிடிப்புப் போட்டி ஒன்றைப் பற்றி எழுதப் போகும் வழியில், எஸ்குடேரோ என்னும் ஊரில், பழங்குடியினரின் பழைய குகையில் பானை தேடப் போன லியோ மினோசா மண் சரிந்து உள்ளே சிக்கியிருப்பது தெரிகிறது. டேட்டம் தவழ்ந்து உள்ளே போய் அவனோடு பேசுகிறான், படம் எடுக்கிறான். வெளியே வரும்போதே இதுதான் நாம் காத்திருந்தது என்று முடிவுகட்டிவிடுகிறான்.

குகைச் சுவர்களுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டே போனால் ஒரு நாளுக்குள் லியோவை வெளியே கொண்டுவந்துவிடலாம். டேட்டத்துக்கு அது போதாது. மீண்டும் தேர்தலில் நிற்க இருக்கும் ஷெரிஃபிடம் (மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் காவல் அதிகாரி), ‘உன்னை வீரனாக்கிக் காட்டுகிறேன், இந்தச் செய்தி எனக்கு மட்டும்’ என்று பேரம் பேசுகிறான். ஷெரிஃபின் தயவில் இருக்கும் காண்ட்ராக்டர், மலை உச்சியிலிருந்து துளை போட ஒப்புக்கொள்கிறார். அதற்குப் பல நாட்கள் ஆகும். பார்க்கவும் பிரமாண்டமாக இருக்கும், நாட்டுக்கே சத்தம் கேட்கும்.

சரி, இங்கேதான் விமர்சகர்கள் சறுக்கினார்கள் என்று நினைக்கிறேன். ஒரு கெட்ட நிருபனின் கதையாக இதைப் பார்த்துவிட்டு, ‘நிருபர்கள் இப்படி இல்லை’ என்று பதில் சொன்னார்கள். டேட்டம் மட்டும் கெட்டவன் என்றால் கதை அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். அந்த ஏமாற்று வேலை ஓடுவதற்கு வேறு பலருடைய லாபமும் தேவைப்பட்டது. லியோவின் மனைவி லோரைன் ஊரைவிட்டே கிளம்பிக்கொண்டிருந்தவள். கடையில் வியாபாரம் சூடு பிடித்ததும் நின்றுவிடுகிறாள். குகையைப் பார்க்க முதலில் இலவசம், பிறகு பலகையில் கட்டணம் ஏறுகிறது, மேலும் ஏறுகிறது. ராட்டினக்காரர்கள் வருகிறார்கள். லியோவைப் பற்றிப் பாட்டு கட்டி விற்கிறார்கள். தனி ரயில் விடுகிறார்கள். ஷெரிஃபுக்கு ஓட்டு, காண்ட்ராக்டருக்கு அடுத்த வேலை, டேட்டத்துக்கு நியூயார்க் பத்திரிகை வேலை. ஒருவர்கூட லியோ சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. இன்னும் இரண்டு நாள் ஓடினால் தேவலை என்று மட்டும்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். இந்தப் பெருக்கலை இவ்வளவு தெளிவாகப் போட்டுக் காட்டிய படம் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, கூட்டம். முதலில் வந்து சேரும் குடும்பம் இன்சூரன்ஸ் விற்கும் பெடர்பருடையது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு விடுமுறைக்குக் கிளம்பியவர், வழியில் இதைப் பார்த்து நின்றுவிட்டார். வானொலிக்காரர் மைக்கை நீட்டியதும், தான்தான் முதலில் வந்தவன் என்பதை அழுத்திச் சொல்கிறார், கையோடு இன்சூரன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. பெடர்பர் கெட்டவர் இல்லை. லியோ பிழைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறார். வைல்டர் அவரைக் கொடூரமானவராகக் காட்டியிருந்தால் அரங்கில் இருந்தவர்கள் நிம்மதியாகச் சிரித்திருப்பார்கள். நல்லவராகக் காட்டியதுதான் உறுத்தியது. டிக்கெட் வாங்கி ஒருவன் சாகிறானா பிழைக்கிறானா என்று பார்க்க வந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு, திரையில் டிக்கெட் வாங்கி அதையே பார்த்துக்கொண்டிருந்த பெடர்பர் யாராகத் தெரிந்திருப்பார்?

நையாண்டி நமக்குப் புதிதில்லை. நாகப்பட்டினத்துச் சத்திரத்தில் பசியோடு காத்திருந்த காளமேகப் புலவர் பாடியதாக ஒரு வெண்பா இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பொழுது சாயும்போது அரிசி வரும், குத்தி உலையில் போடும்போது ஊர் உறங்கிவிடும், ஒரு அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும் என்று அந்தச் சத்திரத்தின் லட்சணத்தைப் பாடினார். சத்திரக்காரர் வருந்திக் கேட்டுக்கொள்ள, அதே பாட்டுக்குப் புகழ்ச்சியாக வேறு பொருள் சொல்லி அவரைத் தேற்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அடிபட்டவருக்கு ஒரு வாசல் திறந்துவிடுவது நம் வசைக்கவியின் பண்பு. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை, அதில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது.

அப்புறம், நாம் கைதட்டும் நையாண்டி பெரும்பாலும் இன்னொருவரைப் பற்றியது. மணிவண்ணனின் ‘அமைதிப்படை’ 1994-இல் வந்தபோது தமிழ்நாடே கொண்டாடியது. கோயிலில் தேங்காய் பொறுக்கியவன் சட்டமன்ற உறுப்பினர் ஆகி ஆட்டம் போடுவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தோம். நல்ல படம், எனக்கும் பிடிக்கும். அதில் ஏமாற்றுபவன் அரசியல்வாதி, ஏமாறுபவர்கள் நாம். அந்த இடத்தில் நமக்குச் சங்கடம் இல்லை. வைல்டரின் படத்தில் ஏமாறுபவர்களாகவே நம்மை விட்டுவைக்கவில்லை, பங்குதாரர்களாக்கிவிட்டார். காளமேகம் திறந்த வாசலையும் திறக்கவில்லை. வசூலில் தோற்றதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இதைப் படத்தின் குறையாக எண்ணுவதுதான் தவறு.

மிகை என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். 1925 ஜனவரி 30 அன்று கென்டக்கியில் ஃபிளாய்ட் காலின்ஸ் என்ற குகை ஆராய்ச்சியாளர் சாண்ட் குகையில் கால் சிக்கி மாட்டிக்கொண்டார். லூயிவில்லிலிருந்து ஸ்கீட்ஸ் மில்லர் என்ற இளம் நிருபர் வந்தார். ஒல்லியான ஆள். உள்ளே தவழ்ந்து போய்ப் பேட்டி எடுத்தார், மீட்க முயன்றவர்களோடு சேர்ந்து தானும் உழைத்தார். அடுத்த ஆண்டு அவருக்குப் பத்திரிகைத் துறைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. வெளியே ஆயிரக்கணக்கில் கூட்டம், தின்பண்டக் கடைகள், வேடிக்கை வியாபாரம். மேலிருந்து தோண்டிய குழி வழியாக பிப்ரவரி 16 அன்று காலின்ஸை எட்டியபோது உயிர் இல்லை. 1949 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் சான் மரினோவில் ஒரு சிறுமி கைவிடப்பட்ட கிணற்றுக் குழாய்க்குள் விழுந்தபோது, ஒரு தொலைக்காட்சி நிலையம் 27 மணி நேரத்துக்கு மேல் நேரலை செய்தது. தொலைக்காட்சியே அப்போது புதிது. வைல்டரின் டேட்டம் காலின்ஸ் கதையைப் படத்திலேயே நினைவுகூர்கிறான். ஆக, ராட்டினம் வரைக்கும் எதுவும் ஆகாயத்திலிருந்து விழுந்ததில்லை.

மில்லர் நல்ல மனிதர் என்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல நிருபர் இருந்தும் அங்கே திருவிழா கூடியது. அதனால்தான் ‘பத்திரிகையாளர்களை அவமதித்த படம்’ என்ற வாதம் எனக்கு ஏறவில்லை. படத்திலேயே பூட் என்ற நேர்மையான ஆசிரியர் இருக்கிறார். அவர் வந்து சொல்லியும் கூட்டம் கலையவில்லை, மற்ற பத்திரிகைகளும் நிற்கவில்லை.

இனி எங்கள் பக்கம். டேட்டம் தன் கூட வந்த இளம் படப்பிடிப்பாளனுக்கு ஒரு பாடம் சொல்வான். சுரங்கத்தில் 84 பேர் மாட்டினால் படிப்பார்கள், மறந்துவிடுவார்கள். ஒரே ஒருவன் என்றால் அவனைப் பற்றி எல்லாம் தெரிந்துகொள்ளத் துடிப்பார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு 2017 நினைவுக்கு வரும். அதற்கு முந்தைய ஆண்டு மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கவில்லை, செப்டம்பர் 20-இல்தான் திறந்தது. வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கும் மேல் பொய்த்தது. ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி என்று அரசே அறிவித்தது. சம்பா கருகிய வயலைப் பார்த்தே உயிர்விட்ட விவசாயிகளைப் பற்றி அன்றாடம் செய்தி வந்தது. நாட்டின் காதில் ஏறவில்லை. அய்யாக்கண்ணு தலைமையில் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓடுகளோடு உட்கார்ந்த பிறகுதான், எலியை வாயில் கவ்விய பிறகுதான் எல்லாக் கேமராக்களும் திரும்பின. 41 நாட்கள் அப்படி நடந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு ஆயக்கட்டே காய்ந்தாலும் செய்தியில்லை, எலியைக் கடித்தால் செய்தி என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? காவிரி மேலாண்மை, பயிர்க்காப்பீடு, கூட்டுறவுக் கடன் என்று அவர்கள் வைத்த கோரிக்கைகளில் எத்தனை நம் நினைவில் இருக்கின்றன? மண்டை ஓடு எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் என்ற பெயர்கள் அதுவரை வெளியே யாருக்கும் தெரியாது. நாடு முழுவதிலிருந்தும் உதவி வந்தது, அந்த உதவியில் பிழைத்தவர்கள் நிறைய. அதோடு லாரி லாரியாகப் பழைய துணியும் வந்தது. மீனவப் பெண்கள் அதைச் சீண்டவில்லை. நாகை சாலையோரங்களில் அது குவியல் குவியலாகக் கிடந்தது. அனுப்பியவர்கள் கெட்டவர்களா? இல்லை. ‘உங்களுக்கு என்ன வேண்டும்’ என்று கரையில் நின்றவர்களைக் கேட்டிருந்தால் வலை, படகு, அடுப்பு என்று சொல்லியிருப்பார்கள். கேட்க நேரமில்லை, அனுப்பியே ஆக வேண்டும் என்ற தவிப்பு. பெடர்பரிடம் இருந்ததும் இதுதான்.

‘ஏஸ் இன் த ஹோல்’ படத்தில் சட்டென்று கடந்துபோகும் ஒரு காட்சி உண்டு. கூட்டத்திலிருந்து ஒரு பழைய சுரங்கத் தொழிலாளி எழுந்து, ஏன் மேலிருந்து துளைக்கிறீர்கள், சுவருக்கு முட்டுக் கொடுத்துப் போனால் சீக்கிரம் எடுத்துவிடலாமே என்று கேட்கிறார். டேட்டம் அவரை மடக்கிப் பேசி உட்கார வைத்துவிடுகிறான். யாரும் அவருக்காகக் குரல் கொடுக்கவில்லை. விஷயம் தெரிந்த ஒரே ஆளின் குரல் அத்தோடு போயிற்று. பின்னால் டேட்டம் மனம் மாறி முட்டுக் கொடுத்தே எடுங்கள் என்று கெஞ்சும்போது, இத்தனை நாள் துளைத்த அதிர்ச்சியில் சுவர்கள் தாங்காது, இனி முடியாது என்று காண்ட்ராக்டர் சொல்கிறார். காப்பாற்றுவதாகக் காட்ட வைத்த எந்திரமே காப்பாற்றும் வழியை அடைத்துவிட்டது. இந்தக் கட்டமைப்புக்காகவே இந்தப் படத்தைத் திரைக்கதை வகுப்புகளில் வைக்கலாம். திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2019 அக்டோபர் 25 அன்று டெல்டாவுக்கு மேற்கே மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. மீட்பில் இறங்கியவர்கள் கண் மூடாமல் உழைத்தார்கள். பாறை குறுக்கிட்டது, பக்கத்தில் குழி தோண்டும் வேலை தாமதமானது. அவர்களைப் பற்றி இந்தப் படத்தை வைத்து ஒரு சொல்லும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நான் சொல்வது வீட்டில் இருந்த எங்களைப் பற்றி. இடையில் தீபாவளி வந்தது, எங்கள் தெருவில் டிவி அணையவில்லை. எத்தனை அடி தோண்டியாயிற்று என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே இருந்தோம். 80 மணி நேரத்துக்கும் மேலான போராட்டத்துக்குப் பின் 29-ஆம் தேதி அதிகாலை உடல்தான் கிடைத்தது. எல்லோரும் உண்மையாகவே அழுதோம். கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளை எப்படி மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே வழிகாட்டு நெறிமுறைகள் கொடுத்திருந்தது. அந்த ஒன்பது ஆண்டுகளில் அதைப் பற்றி ஒரு இரவு முழுக்க யாரும் நேரலை செய்யவில்லை, நாங்களும் அதைத் தேடிப் பார்த்திருக்க மாட்டோம்.

இந்தப் படத்தை நண்பர்கள் சிலருக்குப் போட்டுக் காட்டியபோது, வேதாரண்யம் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர், “இதெல்லாம் கொஞ்சம் ஓவருங்க. ஒரு மனுசன் உள்ள சாகக் கிடக்கிறப்ப வெளிய ராட்டினம் சுத்துவாங்களா?” என்றார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி, “ஏங்க, கஜா புயலுக்கு நம்ம தோப்பு மொத்தமும் படுத்துக் கிடந்தப்ப, கார்ல வந்தவங்க மரத்து மேல ஏறி நின்னு போட்டோ எடுத்தாங்களே. நாமதானே அவங்களுக்குத் தண்ணி கொடுத்தோம்” என்றார். நண்பர் பதில் சொல்லவில்லை. படம் அவருக்குப் பிடிக்கவும் இல்லை. பிடிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தவும் இல்லை.

படத்தில் குறைகள் உண்டு. லோரைனுக்குக் கூர்மையான வசனம் கொடுத்த அளவுக்கு அவள் பக்கத்து நியாயத்தைக் கொடுக்கவில்லை. நடு வனாந்தரத்தில் ஒரு கடையில் மாட்டிக்கொண்ட பெண் ஏன் தப்பிக்க நினைக்கிறாள் என்பதை அவளாக நடித்த ஜான் ஸ்டெர்லிங் தன் முகத்திலேயே காட்டிவிடுகிறார், எழுத்தில் அது இல்லை. அந்த மலை யாருடைய புனித இடமோ அந்தப் பழங்குடி மக்கள் ஓரத்தில் நிற்கும் உருவங்களாகவே வந்து போகிறார்கள். அவர்கள் நம்பிக்கையை டேட்டம் ‘பழைய சாபம்’ என்று தலைப்புச் செய்தியாக்குவதைக் கேலி செய்யும் படம், அவர்களைப் பேசவிடவில்லை. கடைசிப் பகுதியில் டேட்டம் குற்றவுணர்ச்சியில் துடித்து, குத்துப்பட்டு விழுவதும் எனக்கு ஒரு சமரசமாகப் படுகிறது. அதுவரை எல்லோருக்கும் பங்கு பிரித்த படம், முடிவில் ஒருவனிடமே தண்டனையை வசூலிக்கிறது. விமர்சகர்கள் இந்த இடங்களைப் பிடித்திருந்தால் அவர்களோடு நானும் சேர்ந்திருப்பேன். அவர்கள் பிடித்ததோ கசப்பை.

காலப்போக்கில் படத்துக்கு மதிப்பு ஏறியது. 2007-இல் நல்ல தரத்தில் டிவிடி வந்தது, 2017-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது. அதனால் இது இனி பாதுகாப்பான ‘கிளாசிக்’ ஆகிவிடும், எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள் என்பது என் கவலை. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஊடகப் படிப்பு இருக்கிறது, திருச்சி, தஞ்சைக் கல்லூரிகளிலும் இருக்கிறது. அந்த வகுப்புகளில் இதைப் போட வேண்டும். அந்தச் சுரங்கத் தொழிலாளி எழுந்து கேட்கும் இடத்தில் படத்தை நிறுத்தி, நீங்கள் அங்கே மைக்கோடு நின்றிருந்தால் டேட்டத்தை விட்டுவிட்டு அவரிடம் போயிருப்பீர்களா, போய் முதலில் என்ன கேட்டிருப்பீர்கள் என்று மாணவர்களை எழுதச் சொல்லலாம். மறுநாள் அவர்களை அக்கரைப்பேட்டைக்கு அழைத்துப் போய், 2004-இல் எங்களுக்கு உண்மையில் என்ன தேவைப்பட்டது என்று சொல்ல இன்னும் ஆள் இருக்கும்போதே கேட்கச் சொல்லலாம்.